இரண்டு வேலை, ஒரு வாடகை வீடு: எந்தப் பகுதி?

பெருநகரத்தில் வீடு தேடும் தம்பதி முதலில் செய்வது, வரைபடத்தைத் திறந்து இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் விரல் வைப்பது. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இப்போது இருப்பது நான்காவது வீடு. நகரத்தின் மையம், ரயில் பாதையின் கடைசி, இரண்டு அலுவலகத்துக்கும் நடு, ஒருவர் அலுவலகத்துக்குப் பக்கம் என்று நான்கு வகையிலும் குடியிருந்து பார்த்துவிட்டோம். அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். வாடகை, தூரம் இரண்டையும் நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். முதலில் கேட்பது இதுதான்: வேலை நாளில் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, இரண்டு பேரும் சும்மா உட்கார எத்தனை மணி ஆகிறது? ஏழரையா, ஒன்பதரையா? வாரத்தில் ஐந்து நாள் அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் பேசிக்கொள்கிற நேரம். அது கிடைக்காத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் தூங்கி எழுகிற இடம்தான்.

கடைசி நிலையம்

புறநகரில் வாடகை குறைவு, அறைகள் பெரிசு, ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியும். மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக வாடகை குறையும், பயணச் செலவு ஏறும்; ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம் என்பதை நகரப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்ஸோ 1964-லேயே ஒரு பொருளாதாரக் கணக்காகப் போட்டுக் காட்டினார். ஆனால் அந்தக் கணக்கில் நகரத்துக்கு ஒரே மையம், வேலைக்குப் போய்வர ஒரே பயணம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பயணம் இரண்டு மடங்கு. வாடகையில் மிச்சமாவது ஒரே ஒரு தடவை.

நீங்களே போட்டுப் பாருங்கள். மையத்தில் இருப்பதைவிடப் போகும்போது 45 நிமிடம், வரும்போது 45 நிமிடம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஓர் ஆளுக்கு 33 மணி நேரம், இருவருக்கும் சேர்த்து 66 மணி நேரம். வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து இருவரின் கூடுதல் டிக்கெட் செலவைக் கழித்துவிட்டு, மீதியை 66-ஆல் வகுங்கள். வருவது உங்கள் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் விலை. அதை உங்கள் சம்பளத்தின் ஒரு மணி நேரக் கூலியோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் தயக்கம் தீர்ந்துவிடும். புறநகருக்குப் போனதால் இன்னொரு வண்டி வாங்க வேண்டி வந்தால் கணக்குப் போடவே வேண்டாம், மிச்சம் எதுவும் இருக்காது.

பெரிய வீடு அந்த அலுப்பை ஈடுகட்டிவிடும் என்று நாங்களும் நம்பினோம். அலாய்ஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் பல வருஷத் தகவல்களை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். நெடுநேரம் பயணம் செய்பவர்களுக்கு வாடகையிலோ சம்பளத்திலோ ஈடு கிடைத்திருந்தால் அவர்களும் மற்றவர்கள் அளவுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். அப்படி இல்லை, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்தது. என் அனுபவமும் அதுதான். பெரிய கூடம் மூன்றே மாதத்தில் பழகிவிட்டது. நெரிசல் பழகவே இல்லை, அது தினம் ஒரு விதமாக இருந்ததால்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். வண்டி புறப்படுகிற நிலையமென்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துக்கொண்டு போவதும், அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இருவரும் அலுவலகம் போவதானால் இந்தப் பகுதியின் மதிப்பே மாறிவிடும். அப்போது நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மையம்

நேர் எதிர்ப்பக்கம். வாடகை கையைக் கடிக்கும், வீடு சின்னது. ஆனால் பெரும்பாலான நகரங்களில் ரயில் பாதைகள் மையத்திலிருந்து நாலா பக்கமும் பிரிந்து போவதால், எந்த அலுவலகத்துக்கும் வண்டி மாறாமல் போய்விடலாம். இதில் பலரும் கவனிக்காத ஒரு லாபம் உண்டு: இருவரில் ஒருவர் வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. அடிக்கடி வேலை மாறும் துறையில் இருப்பவர்கள் கொடுக்கிற அதிக வாடகையில் ஒரு பகுதியை அதற்கான காப்பீடாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எங்களை அங்கிருந்து கிளப்பியது சத்தம். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடு பார்த்தோம். தெரு அமைதியாக இருந்தது, வெயில் தரையில் விழுந்திருந்தது, அப்போதே முன்பணம் கொடுத்தோம். குடிவந்த முதல் திங்கட்கிழமை இரவு பதினொன்றரைக்குத்தான் கீழே இருந்த முனையில் பேருந்துகள் திரும்புகின்றன என்று தெரிந்தது. ஒவ்வொரு பேருந்தும் கியர் மாற்றும்போது ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் அதிரும். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரில் தண்ணீர் வட்டம் போடும். நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன், அது அடங்குவதற்குள் அடுத்த பேருந்து வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், இரவு நேரச் சாலைச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலைத் தாண்டாமல் இருக்கச் சொல்கிறது. ரயிலுக்கு 44, விமானத்துக்கு 40. டெசிபல் சாதாரண எண் மாதிரி ஏறுவதில்லை. 10 கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகக் கேட்கும். செல்போன் செயலி துல்லியமாக அளக்காவிட்டாலும் இரண்டு வீட்டை ஒப்பிடப் போதும். அதனால் மையத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: வேலை நாளில் இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை போய், படுக்கையறை ஜன்னல் பார்க்கும் தெருவில் பத்து நிமிடம் நில்லுங்கள். அதே கட்டடத்தில் பின்பக்க வீடு கிடைத்தால் வெளிச்சம் குறைந்தாலும் அதை எடுங்கள்.

நடுவிலா, ஒருவர் பக்கத்திலா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். நடுவில் எடுப்பது நியாயமாகத் தோன்றும். ஆளுக்குப் பாதி, யாருக்கும் குறையில்லை. ஆனால் பயண நேரம் தூரத்தை மட்டும் வைத்து வருவதில்லை. நிலையத்துக்கு நடப்பது, நடைமேடையில் நிற்பது, இறங்கியபின் நடப்பது எல்லாம் எவ்வளவு கிட்டப் போனாலும் குறையாத நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்படி நிற்கிற ஒரு நிமிடம் வண்டிக்குள் இருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாகத் தோன்றும் என்பதுதான் போக்குவரத்துத் திட்டக்காரர்களின் வழக்கமான கணக்கு.

ஓர் உதாரணம். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே வாசலிலிருந்து வாசலுக்கு 60 நிமிடம்; அதில் 15 நிமிடம் நடையும் காத்திருப்பும், 45 நிமிடம் வண்டி. ஒருவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் ஒருவருக்கு நடந்து 10 நிமிடம், மற்றவருக்கு 60. மொத்தம் 70. நடுவில் எடுத்தால் வண்டி நேரம் பாதியாகும், ஆனால் அந்த 15 நிமிடம் இருவருக்கும் முழுசாக விழும். ஆளுக்குச் சுமார் 38 நிமிடம், மொத்தம் 75. ஆக, பாதி பாதியாகப் பிரித்ததில் கூட்டுத்தொகை ஏறிவிட்டது. அதுவும் இரண்டு அலுவலகமும் ஒரே பாதையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பாதைகள் மையத்திலிருந்து பிரிந்து போகிற நகரத்தில், வரைபடத்தில் நடுவில் தெரிகிற இடத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் வண்டி மாற வேண்டியிருக்கும். எங்கள் மூன்றாவது வீடு அப்படித்தான் அமைந்தது. வரைபடத்தில் சரியான நடு, ஆனால் இருவருக்குமே ரயிலும் பேருந்தும் மாறி ஐம்பது நிமிடம்.

சரி, என் அளவுகோலுக்கு வருகிறேன். இருவரும் ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள். நடுவில் இருக்கும் வீட்டுக்கு 6.38-க்கு இருவரும் வருகிறார்கள். களைத்துப்போய்ச் சேர்ந்தே சமையலை ஆரம்பித்தால் சாப்பிட உட்கார ஏழேகால் ஆகும். ஒருவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுத்த வீட்டுக் கணக்கில் அவர் 6.10-க்கு வந்துவிடுகிறார். அவர் சமையலைத் தொடங்கிவிட்டால், ஏழு மணிக்கு மற்றவர் கதவைத் திறக்கும்போது ஏறக்குறைய எல்லாம் தயார். தூரத்தில் வேலை செய்பவருக்கும் மாலை ஏழேகாலுக்கே தொடங்குகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் செய்யாமல், தூரத்திலிருந்து வந்தவரே அடுப்பைப் பற்றவைப்பதென்றால் எட்டு மணி தாண்டிவிடும். பேசி வைத்துக்கொண்டு, சொன்னபடி நடந்தால் நான்கில் சிறந்தது இது; நடக்காவிட்டால் இதைவிட மோசமானது இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே யார் எதைச் செய்வது என்று பேசிவிடுங்கள், அப்புறம் பேசினால் அது சண்டையாகத்தான் வரும்.

யார் அலுவலகத்துக்குப் பக்கம் என்ற கேள்வியில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. "அதிகம் சம்பாதிப்பவர் பக்கம்" என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். யார் அதிக நாள் நேரில் போக வேண்டும் என்று பாருங்கள்: ஐந்து நாள் போகிறவருக்கு வாரத்தில் பத்துப் பயணம், இரண்டு நாள் போகிறவருக்கு நான்கு. யாருக்கு இரவுப் பணி, யாருக்கு நேரம் தவறினால் சம்பளம் போகும் என்று பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. பல நாடுகளில் பெண்களின் பயண நேரம் ஆண்களுடையதைவிடக் குறைவு. வீட்டு வேலைச் சுமையால் பெண்கள் கிட்டத்தில் இருக்கிற வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மனைவி அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, அதையே காரணமாக்கி எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டினால், கிடைத்த வசதி அவருக்கு வசதியே இல்லை. நான் அந்த 6.10 ஆளாக இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வாடகைக்கு இருப்பதில் ஒரு சௌகரியம், ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த வீட்டை மற்றவர் பக்கத்தில் எடுக்கலாம். இதை ஒரு முறையாகவே வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரத்தோடு ஒரு ஒத்திகை

எந்தப் பகுதி என்று முடிவுக்கு வந்தாலும் கையெழுத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமையை ஒதுக்குங்கள். வீடு தேடுவது ஞாயிற்றுக்கிழமை என்பதால் வரைபடச் செயலி காட்டுவது ஞாயிற்றுக்கிழமை நேரம். அதில் "செவ்வாய், காலை 9 மணிக்குள் போய்ச் சேர வேண்டும்" என்று மாற்றிப் பாருங்கள். அன்று மாலை இருவரும் அவரவர் அலுவலகத்திலிருந்து அந்த வீட்டு வாசல் வரை தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், வழியில் காய்கறி வாங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு. அலுவலக மேசையிலிருந்து எழுந்த நிமிடம் முதல் வீட்டு வாசலில் நிற்கும் நிமிடம் வரை எழுதி வையுங்கள். விளம்பரத்தில் வரும் "நிலையத்திலிருந்து 7 நிமிடம்" என்பதை நம்ப வேண்டாம். ஜப்பானில் இதற்கே ஒரு விதி உண்டு, 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டுத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அந்தக் கணக்கிலும் சிக்னலில் நிற்கிற நேரம் சேராது.

வரம்பு என்ன என்று கேட்டால், இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதியதைச் சொல்வேன்: நடந்த காலத்திலும் சரி, கார் வந்தபிறகும் சரி, மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடுவது சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. போக அரை மணி, வர அரை மணி. இருவரில் யாருக்காவது அது இரண்டு மடங்கை வெகுவாகத் தாண்டினால் நான் அந்தப் பகுதியை விட்டுவிடுவேன், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இப்போது இருப்பது என் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் இரண்டு அறை வீடு. அவருக்கு ஐம்பத்தைந்து நிமிடம், வண்டி மாறாமல். சமையல் என்னுடையது, பாத்திரமும் துணியும் அவருடையது. ஏழே முக்காலுக்குள் இருவரும் உட்கார்ந்துவிடுகிறோம். ஒப்பந்தம் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது, அடுத்த வீடு அவர் பக்கத்தில் என்பது ஏற்கெனவே பேசியது. போன செவ்வாய்க்கிழமை என் அலுவலகத்திலிருந்து அங்கே போய்ப் பார்த்தேன். பையோடு, அறுபத்தோரு நிமிடம். அது போதும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மழை நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் சொல்லப்போகிறேன்.