ஈறு அறுவைக்குப் பிறகு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ்: எங்கள் மதிப்பீடு

ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து தைத்த பிறகு, அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாத நாட்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ஈறைப் பல்லோடு ஒட்டவைப்பது இந்த மருந்து அல்ல. கிருமிப் படலம் சேராமல் பார்த்துக்கொள்வதோடு இதன் வேலை முடிந்தது.

ஒட்டும் வேலை உடம்புடையது. முதல் 24 மணி நேரம் ஈறையும் வேரையும் பிடித்திருப்பது மெல்லிய இரத்தக்கட்டுதான். சுமார் ஒரு வாரத்தில் மேல்தோல் செல்கள் வேரின் மேல் பரவி ஒட்டுகின்றன. 2 வாரத்தில்கூட, புதிய கொலாஜன் இழைகள் வேருக்குள் ஊன்றாமல் அதன் பக்கவாட்டிலேயே படுத்திருக்கும். அதனால் ஆறியதுபோல் தெரியும் ஈறும் இழுத்தால் பிரிந்துவிடும். உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்கவே பார்க்காதீர்கள்!

முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம். பிறகு 0.2 சதவீதக் கரைசல் என்றால் 10 மி.லி., 0.12 சதவீதம் என்றால் 15 மி.லி.; காலையும் இரவும், அரை முதல் 1 நிமிடம். தலையை மெதுவாகச் சாய்த்தாலே போதும். வேகமாகத் துப்பாமல் வழியவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பேஸ்ட்டில்தான். அதிலுள்ள நுரைப்பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்யும். குறைந்தது 30 நிமிட இடைவெளி தேவை.

குறைகளும் உண்டு: நாக்கில் சுவை மாறும், பல்லில் பழுப்புக் கறை படியும். டீ, காபி குடித்தால் கறை கூடும்; பாலிஷ் செய்தால் போய்விடும். எரிச்சல் இருந்தால் ஆல்கஹால் கலக்காததை வாங்குங்கள். டாக்டர் சொல்லாமல் 2 வாரத்தைத் தாண்ட வேண்டாம்.