டயாலிசிஸுக்குப் போய்வர எந்த வண்டி? திரும்பும் பயணத்தை வைத்து ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வருடத்துக்கு 156 முறை. போக ஒன்று, வர ஒன்று என்று 312 பயணம். ஆரம்பத்தில் எங்கள் கவலை முழுக்க சிகிச்சையைப் பற்றித்தான் இருந்தது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) போட்ட கையை எப்படிப் பார்த்துக்கொள்வது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், பொட்டாசியம் எதில் அதிகம் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். வண்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அதிகம் தடுமாறியது அதில்தான்.

நான்கு வழிகளில் போய்வந்து பார்த்தோம். முதல் 2 மாதம் அண்ணனும் நானும் மாறி மாறி எங்கள் காரில். அடுத்த 3 மாதம் ஆப்பில் டாக்ஸி. அப்புறம் 4 மாதம், பல நோயாளிகளை ஒன்றாக ஏற்றிப் போகும் வேன். கடந்த 15 மாதமாக, மாதக் கணக்கில் பேசி வைத்த ஒரே டிரைவர். இந்தக் கடைசி வழியின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, இருக்கை, ஏசி என்பதையெல்லாம் வைத்துத்தான் நாங்களும் முதலில் ஒப்பிட்டோம். அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வேன்தான் மலிவு, மாதக் கணக்கு டிரைவருக்கு டாக்ஸியைவிடக் கூடுதலாக ஆகிறது, சொந்தக் காரில் பெட்ரோலைவிட நாம் எடுக்கும் விடுப்புதான் பெரிய செலவு. உட்கார்ந்து போக எல்லாமே பரவாயில்லை. எங்களை முடிவெடுக்க வைத்தது திரும்பி வரும் பயணம்.

போகும் நேரம் நம் கையில் இருக்கிறது. காலை 6 மணி ஷிப்ட் என்றால் அதற்கு முன்பே வண்டி வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லி வைத்தால் எந்த வண்டியும் பெரும்பாலும் வந்துவிடும். திரும்பும் நேரம் யார் கையிலும் இல்லை. நான்கு மணி நேரம் என்பது ரத்தம் மெஷினில் ஓடும் நேரம் மட்டும். அது முடிந்து ஊசியை எடுத்த பிறகு அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க நடுவில் ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள் என்பதால் ஒருநாள் பத்து நிமிடத்தில் நிற்கும், இன்னொரு நாள் அரை மணி ஆகும். பிறகு எடை. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி பிரஷர். உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீர் ஒரேயடியாக இறங்கியிருக்கும்போது பிரஷரும் இறங்குவது சகஜம். அப்படி இறங்கியிருந்தால் மறுபடி படுக்க வைத்துவிடுவார்கள். 10 மணிக்கு முடிய வேண்டியவர் 10:30-க்கும் வெளியே வருவார், 11:30-க்கும் வருவார்.

போகும்போது தானாக நடந்து வண்டி ஏறும் அப்பா, வரும்போது தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். தலை சுற்றும். கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். கையில் கட்டு இருக்கும். மனுஷர் மிகவும் சோர்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் வண்டிக்கும் நிச்சயம் இல்லாமல் போகிறது.

ஆப் டாக்ஸியில் இதை நேரடியாக அனுபவித்தோம். காலையில் ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது, ஊசி எடுத்தவுடன் புக் பண்ணினால் வண்டி 6 நிமிடத்தில் வந்து நிற்கும், அப்பாவுக்கு இன்னும் ரத்தம் நின்றிருக்காது. காத்திருக்கச் சொன்னால் கேன்சல். எல்லாம் முடிந்து வெளியே வந்து புக் பண்ணினால் வண்டி கிடைக்காது. ஒருநாள் அடுத்தடுத்து மூன்று டாக்ஸிகள் கேன்சல் ஆயின. வாசலில் இருந்த பெஞ்சில் 50 நிமிடம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் கட்டு நனைந்து சிவப்பாகிவிட்டது. திரும்ப உள்ளே அழைத்துப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தோம். அந்த டிரைவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த சவாரியை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு. எப்போது வெளியே வருவார் என்றே தெரியாத ஒருவருக்காக அவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

வேனில் வேறொரு சிக்கல். இது தெரிய வர எங்களுக்கு 3 மாதம் ஆனது. ஒருநாள் டெக்னீஷியன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா அரை மணி முன்னாடியே எடுத்துடச் சொல்றார், நீங்க கொஞ்சம் பேசுங்க" என்றார். கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: "எனக்காக நாலு பேர் வண்டியில காத்துக் கிடக்கறாங்கப்பா. எப்படிப் படுத்திருக்கறது?" வேன் வைத்திருந்தவர்கள் நல்லவர்கள், அவசரப்படுத்தியதே கிடையாது. ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே அவரை அவசரப்படுத்தியது. ஒரு முறைக்கு 20 நிமிடம் குறைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு மணி நேரம். 12 மணி நேர சிகிச்சையில் ஒரு மணி நேரத்தை வண்டி எடுத்துக்கொள்கிறது. கழிவும் நீரும் வெளியேற வேண்டிய நேரம் அது. காலையில் வேன் நாலு வீடு சுற்றி வந்து 20 நிமிடம் தாமதமானாலும் இதே கதைதான். அடுத்த ஷிப்ட்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பதால் கடைசியில் வெட்டுப்படுவது அப்பாவின் நேரம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி என்று போகிறவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுகிறது. அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதயக் கோளாறுகளும் இறப்பும் மற்ற நாட்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திங்கள் காலை வண்டி இல்லாமல் ஒரு முறை தவறினால், வெள்ளியிலிருந்து புதன் வரை 5 நாள் ஆகிவிடும். வண்டியும் சிகிச்சையின் ஒரு பாகம்தான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

வேனை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவத் திட்டம் வழியாகவும் பிரிட்டனில் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை வழியாகவும் தகுதி உள்ளவர்களுக்கு அரசே வண்டி ஏற்பாடு செய்கிறது. அப்படி ஒரு திட்டம் இருக்கும் இடத்தில், கையில் காசு குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. டயாலிசிஸ் யூனிட்டின் சமூகப் பணியாளரிடம் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். சேரும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒரு டிரிப்பில் எத்தனை பேர்? எங்கள் ஆள் தாமதமானால் வேன் நிற்குமா, இல்லை இன்னொரு முறை வருமா? இன்னொரு முறை வரும் என்று சொல்லும் வேன் நல்ல வேன். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். மருந்து ஏறிய அடுத்த வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது பலருடன் மூடிய வண்டியில் போவது தொற்றுக்கு வழி.

வீட்டு ஆளே ஓட்டுவதில் திரும்பும் பயணம் பற்றிக் கவலையே இல்லை. எவ்வளவு நேரமானாலும் நாம் அங்கேயே இருப்போம். ஆனால் போக, இருக்க, வர என்று ஒரு முறைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 18. வேலைக்குப் போகும் இரண்டு பேர் அதைப் பங்குபோட்டாலும் 2 மாதத்துக்கு மேல் எங்களால் இழுக்க முடியவில்லை. இன்னொன்றும் நடந்தது. எனக்கு ஆபீசுக்கு நேரமாகிறது என்று அப்பா தலைசுற்றலை மறைத்தார். "ஒண்ணும் இல்லப்பா, கிளம்பலாம்" என்று எழுந்தவர் லிஃப்ட் வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கிறோம் என்று நினைக்கும் நோயாளி உண்மையைச் சொல்வதில்லை. வேனில் மற்ற நோயாளிகளுக்காக அவசரப்பட்டவர் அதற்கு முன்பே எங்களுக்காக அவசரப்பட்டிருக்கிறார்.

சரி, இப்போது இருக்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். அதே யூனிட்டுக்கு மதிய ஷிப்டில் இன்னொரு அம்மாவைக் கொண்டுவந்துவிடும் டிரைவரை, வாசலில் பார்த்துப் பார்த்துப் பழகிப் பேசினோம். அவரையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்: அங்கே தாமதம் ஆகும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். பேசிக்கொண்டது இவ்வளவுதான். மாதத்துக்கு 13 நாள் என்று வைத்து ஒரே தொகை. காத்திருக்கும் நேரம் அதற்குள் அடக்கம், தனியாக வெயிட்டிங் கிடையாது. காலையில் இறக்கிவிட்டுப் பக்கத்து சவாரிகளை அவர் எடுக்கலாம், 9:30-க்கு மேல் தூரமாகப் போகக் கூடாது. ஊசியை எடுத்ததும் அப்பா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அவர் வந்து நிற்பார், எவ்வளவு நேரமானாலும் நிற்பார்.

அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்து பயணம் இல்லாத வாரங்களிலும் பாதித் தொகை கொடுக்கிறோம். ஓடாத வண்டிக்கு ஏன் காசு என்று அண்ணன் முதலில் கேட்டான். அந்த வாரங்களில் டிரைவர் வேறு வாடிக்கையைப் பிடித்துவிட்டால் டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளில் நமக்கு வண்டி இல்லை. அந்தப் பாதித் தொகை அவருடைய நேரத்தை நமக்காகப் பிடித்து வைக்கிறது. காத்திருப்பதற்குக் காசு தனியாக ஏறவில்லை என்பதால் அப்பாவும் அவசரப்படுவதில்லை. இப்போது முழு நான்கு மணி நேரமும் படுத்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் மொத்தப் பலனும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பழக்கத்தால் வந்த நன்மைகளும் உண்டு. ஃபிஸ்டுலா இடது கையில் என்பதால் "ஐயா, வலது கையைக் கொடுங்க" என்றுதான் அவர் எப்போதும் இறக்கிவிடுவார். அந்த இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அதில் பிரஷர் பார்க்கக் கூடாது, அதன்மேல் பையை மாட்டக் கூடாது. டாக்ஸியில் ஒவ்வொரு நாளும் புதியவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பாடம் இது. ஒரு அட்டையில் அப்பாவின் பெயர், எந்தக் கை, யூனிட்டின் எண், எங்கள் எண்கள் எழுதி வண்டியில் வைத்திருக்கிறோம். வழியில் ஊசி இடத்தில் ரத்தம் கசிந்தால் துண்டைச் சுற்றிக்கொண்டே போகாமல், விரலால் அந்தப் புள்ளியிலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ் என்பதும் அதில் இருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தடுமாறுவது என்றால் இந்த டிரைவரைக் கூப்பிடவே கூடாது, நேராக ஆம்புலன்ஸ் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

பலவீனம் என்னவென்றால், எல்லாமே ஒரே ஆளை நம்பி இருக்கிறது. ஒரு திங்கள் விடியற்காலை 4:30-க்கு அவர் காய்ச்சலோடு போன் செய்தார். அன்று எப்படியோ ஒரு டாக்ஸியைப் பிடித்துப் போனோம், ஆனால் அந்த ஒரு மணி நேரப் பதற்றம் போதும். அதன் பிறகு அவருடைய நண்பர் ஒருவரை மாற்று டிரைவராக வைத்திருக்கிறோம். எண்ணை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. மாதத்தில் ஒருநாள் அவரையே வரச் சொல்கிறோம். வீடும், யூனிட்டின் பின்வாசலும், அப்பாவின் நடையும் அவருக்கும் பழகியிருக்க வேண்டும். இன்னொன்றையும் பேசும் முன்பே பாருங்கள்: காசுக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு உரிய இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி, வாடகைப் பயணத்தில் நடக்கும் விபத்துக்குப் பெரும்பாலும் உதவாது.

எப்போதாவது ஒருமுறை போகும் வேலைக்கு இவ்வளவு தேவையில்லை, டாக்ஸியே போதும். ஆனால் துணைக்கு ஆள் கட்டாயம். எண்டோஸ்கோபி போன்றவற்றுக்கு மயக்கம் கொடுத்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது என்பார்கள், உடன் வந்தவர் இல்லையென்றால் தொடங்கவே மாட்டார்கள். டாக்ஸி டிரைவரைத் துணையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்வை மங்கும் பரிசோதனைக்கும் சில மணி நேரம் ஓட்ட முடியாது. கதிர்வீச்சு சிகிச்சை வேறு மாதிரி: பொதுவாக வாரம் 5 நாள், சில வாரங்கள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் சில நிமிட வேலை. முடியும் நேரம் ஓரளவு தெரியும் என்பதால் அதற்கு வேன் நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். அது என் அனுபவம் இல்லை, எங்களோடு வேனில் வந்த ஒருவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

வீல்சேரோடு அப்படியே ஏற்றும் வண்டியில் எங்களுக்கு 3 பயணம்தான் அனுபவம், அப்பாவின் கணுக்கால் பிசகியிருந்தபோது. பார்க்க வேண்டியது, சேரின் நான்கு மூலையையும் தரையோடு வாரால் இழுத்துக் கட்டுகிறார்களா, அது போக உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக சீட் பெல்ட் போடுகிறார்களா என்பது. சேரிலேயே இருக்கும் இடுப்புப் பட்டை அதற்கு ஈடாகாது. சேர் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். காருக்குள் இடம் மாறி உட்கார முடிகிறவருக்கு இந்த வண்டியே தேவையில்லை. முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதலில் உட்கார வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் போதும். சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் சுலபமாகத் திரும்பலாம், உட்கார்ந்ததும் அதை உருவிவிட வேண்டும்.

அப்பாவால் அப்படி மாறி உட்கார முடியாத நாள் வரலாம். அதற்காக வீல்சேர் வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் இப்போதே பேசிவிட்டேன். வாடகையைச் சொல்ல ஆரம்பித்ததும் இருவரையும் நிறுத்தி, திரும்பும்போது நேரம் சொல்ல முடியாது, காத்திருப்பீர்களா என்று கேட்டேன். ஒருவர் மணிக்கு இவ்வளவு என்றார். மற்றவர், சராசரியாக எத்தனை மணிக்கு வெளியே வருவார், ரொம்பத் தாமதமானால் எவ்வளவு ஆகும் என்று திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருடைய எண்ணைத்தான் அப்பாவின் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.