தட்டையா, திருகலா? பெரிலீனும் டிபிஇயும்

இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் பெரிலீன், மற்றதில் டெட்ராஃபீனைல் எத்திலீன். லேபில் இதன் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை, டிபிஇதான். இரண்டையும் டிஎச்எஃப் என்ற கரைப்பானில் துளித்துளி கரைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, 365 நானோமீட்டர் யுவி டார்ச்சை அடித்தால் பெரிலீன் குப்பி நீலமாகப் பளீரிடும். டிபிஇ குப்பியில் ஒன்றுமே தெரியாது. இப்போது இரண்டிலும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வாருங்கள். இரண்டுக்குமே தண்ணீர் ஆகாது என்பதால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் துகள்களாகும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரானதும் கதை தலைகீழ். பெரிலீனின் நீலம் மங்கிப் போயிருக்கும், டிபிஇ பாலாகக் கலங்கி நீலமாக எரியும்.

திடநிலையில் ஒளிரும் பொருள் செய்ய எதை எடுப்பது என்று புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் முதலில் இதைத்தான் செய்து காட்டுவேன். பார்த்தவுடன் எல்லோரும் டிபிஇ பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது.

பெரிலீன் என்பது இரண்டு நாஃப்தலீனைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்த தட்டை மூலக்கூறு. தனித்தனியாகக் கரைந்திருக்கும்போது விழுங்கும் 100 ஒளித்துகளில் 90க்கு மேல் திருப்பித் தந்துவிடும். நெருங்கி உட்கார்ந்தால்தான் சிக்கல். அப்பளக் கட்டு மாதிரி முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும்போது, ஒளி வாங்கிய மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோடு ஜோடி சேர்ந்து ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்ளும். இந்த ஜோடிக்கு எக்சைமர் என்று பெயர். செறிவைக் கூட்டக் கூட்டப் பைரீன் என்ற இன்னொரு தட்டை மூலக்கூறின் கரைசலில் ஒளிர்வு மாறுவதை ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் 1954இலேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் பெரிலீன் படிகத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள் ‘தட்டை என்றால் திடநிலையில் அணையும்’ என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டார்கள். அதற்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு. ஆல்ஃபா சதுரத் தகடு. அதன் அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தில்) நான்கு மூலக்கூறுகள் இரண்டிரண்டு ஜோடியாக, சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம் (0.35 நானோமீட்டர்) இடைவெளியில் படுத்திருக்கும். யுவியில் அது ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, 600 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். பீட்டா சாய்சதுரம். கூட்டில் இரண்டே மூலக்கூறுகள், ஜோடி கிடையாது, 520ஐ ஒட்டிப் பச்சை. டொலுயீன் கரைசலை மெல்ல ஆவியாக விட்ட ஒரே தட்டில் எனக்கு இரண்டும் கலந்து கிடைத்திருக்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் ஊசி நுனியால் பச்சையை ஒரு பக்கம், ஆரஞ்சை ஒரு பக்கம் பொறுக்கியெடுத்தேன். மூலக்கூறு ஒன்றுதான், உட்காரும் விதம்தான் வேறு.

(தட்டை மூலக்கூறு படிகத்துக்குள் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைக் காந்தத்தை வைத்தே அறிய முடியும் என்று 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் செய்து காட்டியவர் நம் வத்திராயிருப்புக்காரர், இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன். இன்று எக்ஸ்ரே கருவியில் படிகத்தை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.)

டிபிஇக்கு வருவோம். நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு, அதைச் சுற்றி நான்கு ஃபீனைல் வளையங்கள், விசிறி இறக்கை மாதிரி திருகியபடி. கரைசலில் இந்த இறக்கைகள் ஆடிச் சுழன்றே வாங்கிய ஆற்றலைச் சூடாகத் தீர்த்துவிடும். அதனால் ஒளிர்வு ஒரு சதவீதத்துக்கும் கீழே. திடநிலையில் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் இறக்கைகளைப் பிடித்து நிறுத்துகின்றன. திருகிய உடம்பு என்பதால் முகத்தோடு முகம் ஒட்டவும் முடியாது. மெல்லிய படலமாக இருக்கும்போது ஒளிர்வு ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிடும்.

இந்தக் குணத்துக்கு ‘திரள்வால் தூண்டப்படும் ஒளிர்வு’ (ஏஐஇ) என்று பெயர் வைத்தவர் ஹாங்காங்கில் இருந்த பென் ஷோங் டாங். 2001இல் அவருடைய ஆய்வகத்தில் ஒரு சிலோல் சேர்மத்தை (சிலிக்கான் உள்ள வளையம்) டிஎல்சி தட்டில், அதாவது கலவையைப் பிரித்துப் பார்க்கும் பூச்சுத் தட்டில், ஏற்றியபோது, ஈரப் புள்ளி யுவியில் தெரியவில்லை, காய்ந்ததும் தெரிந்தது. வழக்கமாக நாம் ‘சரியாக விழவில்லை’ என்று இன்னொரு புள்ளி வைத்துவிட்டுப் போகும் இடம் அது.

செய்வதற்கும் டிபிஇ சுலபம். பென்சோபீனோன், டைட்டானியம் டெட்ராகுளோரைடு, துத்தநாகத் தூள் போதும். ஓரத்தில் வேறு தொகுதிகளை ஒட்டவைத்தாலும் திடநிலை ஒளிர்வு பெரும்பாலும் நிற்கும். இந்தப் பொறுமை பெரிலீனுக்குக் கிடையாது.

எனக்கு எரிச்சல் வருவது உணரி விஷயத்தில், அதாவது ஒரு பொருள் இருப்பதை ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும் சாயமாக டிபிஇயை வைப்பதில். ‘இந்த அயனியைச் சேர்த்தோம், டிபிஇ எரிந்தது, ஆகவே கண்டுபிடித்துவிட்டோம்’ என்று எழுதுகிறார்கள். உப்பைப் போட்டதில் சாயம் கரையாமல் பிரிந்து வந்தாலும் எரியும், கரைசல் கெட்டியானாலும் எரியும். எதற்கும் எரிகிற விளக்கை வைத்துக்கொண்டு யார் வந்தார் என்று எப்படிச் சொல்வது?

மின்சாரமும் ஓட வேண்டுமென்றால் நான் தட்டை வகைக்கே போவேன். ஒளிர்வுக்குப் பகையான அந்த அடுக்குதான் மின்சுமை ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவ வழி. நிறத்திலும் அதே கதை. பெரிலீன் பிஸ்இமைடு வகைகள் (பெரிலீனின் இரு முனையிலும் இமைடு தொகுதி சேர்ந்தவை) கரைசலில் ஏறத்தாழ ஒரே நிறம், ஆனால் நிறமித் தூளாக எடுத்தால் அடுக்கும் விதத்தைப் பொறுத்துச் சிவப்பு முதல் கறுப்பு வரை போகும். கார் பெயின்டில் போகும் சிவப்பு இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

நடுவழியும் ஒன்று இருக்கிறது. பெரிலீன் பிஸ்இமைடின் இடுப்பில் நான்கு ஃபீனாக்ஸி தொகுதிகளை முட்டுக் கொடுத்தால் நடுப்பகுதியே கொஞ்சம் திருகிவிடும், நெருக்கமும் குறையும். பிஏஎஸ்எஃப் நிறுவனம் கொண்டுவந்த லூமோஜன் ரெட் 305 என்ற சாயம் இப்படிச் செய்ததுதான். பிளாஸ்டிக் தகட்டுக்குள் கலந்தால் ஏறத்தாழ வாங்கிய அத்தனையையும் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. சூரிய ஒளியைத் தகட்டின் ஓரத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஆய்வுகளில் இதுதான் வழக்கமான சாயம்.

ஆகவே காகிதத்திலோ படலத்திலோ ஒளிர்ந்தால் போதும், அவகாசமும் கம்மி என்றால் டிபிஇ. படிக வேலையில் பொறுமை இருந்தால் பெரிலீன், அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒளிர்வை அளந்த தூளும் எக்ஸ்ரேயில் ஏற்றிய படிகமும் ஒரே வடிவம்தானா என்பதைத் தூள் எக்ஸ்ரே எடுத்துச் சரிபாருங்கள். நான் ஒருமுறை பச்சைப் படிகத்தின் அமைப்பை வைத்து ஆரஞ்சுத் தூளின் நிறமாலைக்குப் பத்து நாள் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.