சுங்கை சிப்புட் சபையில் ஊழியப் பயிற்சி: செவ்வாய்க்கிழமைக்காகவே அனுப்பலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ச் சபை ஒன்று, இறையியல் கல்லூரி விடுமுறையில் மாணவர்களைப் பத்து வார ஊழியப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. லயம் எனும் தோட்ட வரிசை வீடுகளை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்கள், இன்னும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் சில வீடுகள் என்று இரண்டு உலகமும் இதன் எல்லைக்குள் வருகின்றன. மாணவரை அனுப்பலாம். ஆனால் சிலவற்றை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே உருப்படியான விஷயம் மேற்பார்வைச் சந்திப்பு. செவ்வாய் காலை ஒரு மணி நேரம், போதகரும் மாணவரும் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசி இல்லாமல். காரில் போகிற வழியில் நாலு வார்த்தை பேசிவிட்டு அதையே மேற்பார்வை என்று கணக்கு எழுதும் சபைகள் இதைப் பார்த்துக் கற்கலாம். வீடு சந்திக்கப் போன மாணவர் ஓர் உரையாடலை அப்படியே எழுதி, முந்தின இரவே கொடுத்துவிட வேண்டும். தாளின் இடப்பக்கம் யார் என்ன சொன்னார்கள். வலப்பக்கம் அந்த நேரம் மாணவரின் மனத்தில் ஓடியது. பெயர், வீட்டு எண் எதுவும் கூடாது. அன்றைக்கே எழுதாவிட்டால், நடந்ததற்குப் பதிலாக நடந்திருக்க வேண்டியதை எழுதிவிடுவார்கள். 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் அன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் கற்க அனுப்பினாரே, அந்த மரபில் வளர்ந்த முறை இது.

ஒரு பதிவு இப்படிப் போகிறது. “மகன் ஆலோங்கிட்ட கடன் வாங்கிட்டான், தம்பி” என்கிறார் ஒரு வீட்டு அம்மா (ஆலோங் என்றால் சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவர்). அடுத்த வரியிலேயே மாணவர்: “கர்த்தர் பாத்துக்குவாரும்மா, ஜெபிக்கலாமா?” போதகர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் கேட்பது ஒரே கேள்வி: “அந்த நேரத்துல ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டுச்சு, தம்பி? அவங்களுக்கா, உங்களுக்கா?” புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பதில் தெரியாத பேச்சை ஜெபத்தால் முடித்துவிடுவார்கள். அடுத்த சந்திப்புக்கு அவர் கொடுக்கும் வேலையும் சின்னதுதான்: ஜெபிக்கும் முன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும்.

பிரசங்கப் பயிற்சியும் மோசமில்லை. வியாழனுக்குள் எழுத்துப்படி, கருத்துச் சொல்வது செவ்வாயில், ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அல்ல.

இனி குறைகள். வேலை நேரத்துக்கு வரம்பே இல்லை. கித்தார் வாசிக்கத் தெரிந்த பையன் என்றால் தொலைந்தான்; பாடல் பயிற்சி, புரொஜெக்டர், பாட்டிமார்களைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது என்று வாரம் ஓடிவிடும். மூன்று கற்றல் இலக்குகள், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், பெட்ரோல் காசு யார் பொறுப்பு, ஓய்வு நாள் எது: இவற்றை ஒரே தாளில் எழுதி, கல்லூரி, சபை, மாணவர் மூவரும் கையெழுத்திட்ட பிறகே பெட்டி கட்டச் சொல்லுங்கள்.

இடைக்கால மதிப்பீட்டை எட்டாவது வாரத்தில் வைக்கிறார்கள். திருத்திக்கொள்ள நேரமேது? நான்காவது அல்லது ஐந்தாவது வாரம் வேண்டும். கருத்துச் சொல்லும் குழுவில் மூப்பர்கள் மட்டுமே. ஓர் இளைஞரும் ஓர் இல்லத்தரசியும் இருந்தால்தான் உண்மை வெளியே வரும். “பணிவான பிள்ளை” என்ற அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. “துக்க வீட்டில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்” என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும்.

இன்னொன்று, இதில் சமரசம் கூடாது. ஞாயிறு பள்ளியில் மாணவரைத் தனியாக விடுகிறார்கள். எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஆகவே “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மாணவர் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இதை முதல் நாளே சொல்லி, தாலியான் காசே எனும் அரசு உதவித் தொலைபேசி எண் 15999-ஐயும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

முதலாண்டு மாணவருக்கு இந்த இடம் பாரம். இரண்டாம் ஆண்டு முடித்தவருக்குப் பொருந்தும், மோட்டார் லைசென்ஸ் இருந்தால். தோட்டத்து வீடுகளுக்குப் பஸ்ஸை நம்பிப் போக முடியாது.