சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சிலா, நடுவில் இறங்கியா?

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே தீர்க்கரேகைக் கணக்கில் ஏறக்குறைய 178 பாகை. அதாவது பூமியைப் பாதி சுற்ற வேண்டும். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டிப் போகும்: சுமார் 15,300 கி.மீ.

பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் 10,300-உம் 6,200-உம் சேர்ந்து 16,500 கி.மீ. டோக்கியோ வழி அதைவிடக் கொஞ்சம் குறைவு, 16,200 பக்கம். ஆக, தூரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிற்காமல் போகும் விமானமும் அந்த 15,300-ஐ அப்படியே பறப்பதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாக வளைந்து, மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். சுற்று வழிதான், ஆனால் நேரம் மிச்சம்.

நேரம் என்று பார்த்தால் நான்-ஸ்டாப் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டி வரும். பிராங்க்ஃபர்ட் வழி, அங்கே நிற்கும் இரண்டு மூன்று மணி நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு நாள்.

அப்படியானால் எல்லோரும் நான்-ஸ்டாப்பிலேயே போகலாமே? அங்கேதான் சிக்கல். அதில் எகானமியே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென்று ஓட்டும் ஏ350 விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (சாதா எகானமிக்கு ஒரு படி மேல், விலையும் கூடுதல்). இவ்வளவு தூரத்துக்கான எரிபொருளைச் சுமக்கவே கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆளைக் குறைத்தால்தான் கட்டுப்படியாகும். இதே நிறுவனம் 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-இல் இந்த வழியைத் தொடங்கி, பிறகு நூறு பிசினஸ் இருக்கை மட்டும் வைத்துப் பார்த்து, 2013-இல் மூட்டை கட்டியது. எரிபொருள் செலவு அப்படி. இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான், 2018 அக்டோபரில், மறுபடி பறந்தது. அந்த முதல் பயணம் 17 மணி 52 நிமிடத்தில், நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கியது.

பணம் முக்கியம் என்றால் பிராங்க்ஃபர்ட்தான். எகானமி டிக்கெட் உண்டு, விமானம் மாற வேண்டியதில்லை, பெட்டியும் நேராக வந்துவிடும். ஆனால் அந்த நிறுத்தம் இருக்கிறதே! அரைத் தூக்கத்தில் எழுந்து, மேலே வைத்த கைப்பைகளை எல்லாம் இறக்கி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றி, லேப்டாப்பை எடுத்து வைத்து, கடைசியில் அதே இருக்கைக்கே திரும்ப வேண்டும். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள், கையைக் கடித்தாலும் நான்-ஸ்டாப்பில் பிரீமியம் எகானமி எடுத்துவிடுவது நல்லது. இளவட்டங்களுக்கு அது வீண் செலவு என்பேன். பதின்மூன்று மணி நேரத்துக்கு அப்புறம் கொஞ்சம் கால் நீட்டி நடப்பதும் சுகம்தான்.

டோக்கியோ வழி மலிவாகக் கிடைத்தால் பார்க்கலாம். விமானம் மாற வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிடும் அபாயம் உண்டு.

இன்னொன்று. சிங்கப்பூரில் நள்ளிரவு வாக்கில் கிளம்பும் நான்-ஸ்டாப், கடிகாரம் 12 அல்லது 13 மணி நேரம் பின்னால் போவதால், விடிகாலையிலேயே நியூயார்க்கில் இறக்கிவிடும். ஹோட்டல் அறையோ மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். மிச்சம் பிடித்த நேரம் லாபி சோஃபாவில் கழியாமல் இருக்க, அறையை முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். அந்த வாடகையையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள்.