குபர்னெட்டீஸ் கிளஸ்டருக்குள் யார் யார்? மூன்று வருஷ அனுபவம்

கும்பகோணத்தில் எங்கள் ஆபீஸ் மாடியில். அரிசி ஆலைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். எட்டுப் பேர், மூன்று சர்வர், கியூப்ஆட்ம் என்ற நிறுவும் கருவியை வைத்து நானே எழுப்பிய ஒரு குபர்னெட்டீஸ் கிளஸ்டர், அதாவது பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றுபோல் மென்பொருளை ஓடவிடும் ஏற்பாடு. உள்ளே வருபவர் யார் என்று அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டிய கதை இது.

குபர்னெட்டீஸில் பயனர் பட்டியல் என்று ஒன்று கிடையாது. முதல் நாள் அதைத் தேடி அரை நாள் போனது. உள்ளே வருபவர் நீட்டுகிற சர்ட்டிபிகேட்டில் (டிஜிட்டல் அடையாள அட்டை) சிஎன் என்ற இடத்தில் இருப்பதுதான் பெயர், ஓ என்ற இடத்தில் இருப்பதுதான் குழு. கிளஸ்டரில் சர்ட்டிபிகேட் வழங்கும் சிஏவின் கையெழுத்து இருந்தால், கிளஸ்டரின் வாசலான ஏபிஐ சர்வர் அப்படியே நம்பிவிடும். என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை ஆர்பேக் என்ற அனுமதி முறை தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

முதல் வருஷம் சர்ட்டிபிகேட்தான். ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் ஒரு சாவி, ஒரு விண்ணப்பம், அதைக் கிளஸ்டரில் போட்டு அப்ரூவ் செய்தால் முடிந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷ வேலை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

எட்டாவது மாதம் கார்த்தி என்ற பையன் சென்னைக்கு வேலை மாறினான். அவன் பெயருக்கு அதிகாரம் தந்த ரோல்பைண்டிங்கை நீக்கிவிட்டுச் சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் சேர்ந்தவன் பெயரும் கார்த்தி! யோசிக்காமல் அதே பெயரில் புது ரோல்பைண்டிங் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பழைய கார்த்தியிடமிருந்து போன். "அண்ணே, பழைய கியூப்கான்ஃபிக் இன்னும் லேப்டாப்ல கெடந்துச்சு, கைதவறி அடிச்சுட்டேன். நம்ம பாட் லிஸ்ட் பூரா வருதுண்ணே!"

கியூப்கான்ஃபிக் என்பது கிளஸ்டருக்குள் நுழையும் கோப்பு, பாட் என்பது உள்ளே ஓடும் நிரல். அந்தக் கோப்பில் இருந்தது ஒரு வருஷத்துக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட். கிளஸ்டர் பார்ப்பது பெயரைத்தான், ஆளை அல்ல. நல்ல பையன், உடனே சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

கொடுத்த சர்ட்டிபிகேட்டைத் திரும்பப் பெற குபர்னெட்டீஸில் வழியில்லை. ரத்துப் பட்டியல் எதையும் ஏபிஐ சர்வர் பார்ப்பதில்லை. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிய பிறகு தண்ணீரைத் திருப்பிக் கூப்பிடுகிற மாதிரிதான். காலாவதி வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் சிஏவையே மாற்ற வேண்டும். பைண்டிங்கை நீக்கினால் அதிகாரமாவது போகும். ஆனால் கிளஸ்டர் நிர்வாகியின் நுழைவுக் கோப்பான அட்மின்.கான்ஃப்பை நகலெடுத்துக் கொடுத்திருந்தால் அதுவும் நடக்காது. நாங்கள் கிளஸ்டர் போட்ட காலத்தில் அதற்குள் சிஸ்டம்:மாஸ்டர்ஸ் என்ற சர்வ அதிகாரக் குழு இருந்தது, ஆர்பேக்கால் அதைத் தொட முடியாது. குபர்னெட்டீஸ் 1.29 பதிப்பிலிருந்து அந்தச் சர்வ அதிகாரத்தைச் சூப்பர்-அட்மின்.கான்ஃப் என்று தனிக் கோப்பில் பிரித்துவிட்டார்கள், நல்ல வேலை.

ஆயுளைக் குறைத்துப் பார்ப்போம் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் செல்லும் சர்ட்டிபிகேட் கொடுத்தேன். 1.22இலிருந்து விண்ணப்பத்திலேயே ஆயுளைக் குறிப்பிடலாம், குறைந்தது 600 வினாடி. விளைவு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேசை முன்னால் ரேஷன் கடை வரிசை.

இடையில் ஒரு ஐப்பசி மழையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, மறுநாள் கிளஸ்டரில் எதுவும் ஓடவில்லை. சர்ட்டிபிகேட் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்று பிழைச்செய்தி. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, புதுப்பிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் அலைந்தேன். கடைசியில் டேட் என்று அடித்துப் பார்த்தால் 2015 ஜனவரி 1! மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. கடையில் ஒரு பட்டன் செல் வாங்கிப் போட்டு, நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனியையும் ஓடவிட்டேன்.

அப்புறம்தான் ஓஐடிசிக்கு வந்தேன், அதாவது ஆள் யார் என்பதைத் தனி லாகின் சர்வர் உறுதிசெய்து, டோக்கன் என்ற குறுகிய ஆயுள் சீட்டைக் கொடுக்கும் முறை. அந்த லாகின் சர்வரான கீகிளோக்கைக் கிளஸ்டருக்கு வெளியே தனிச் சின்ன மெஷினில் வைத்தேன். உள்ளே வைத்தால், கிளஸ்டர் படுக்கிற அன்றைக்கு அதை எழுப்ப உள்ளே போகவும் வழி இருக்காது. இரண்டு இடத்தில் மாட்டினேன், இரண்டிலும் குற்றவாளி ஒரு சாய்கோடு. ஏபிஐ சர்வரில் கொடுக்கும் இஷ்யூயர் (டோக்கன் தருபவர்) முகவரி கீகிளோக் சொல்வதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், நான் கடைசியில் ஒரு சாய்கோடு கூடப் போட்டிருந்தேன். இன்னொன்று, கீகிளோக் குழுப் பெயருக்கு முன்னால் தானாகவே ஒரு சாய்கோடு வைத்து அனுப்புகிறது. முழுப் பாதை என்ற டிக்கை எடுத்த பிறகுதான் ஆர்பேக் குழுவை அடையாளம் கண்டது. கியூப்சிடிஎல் ஆத் ஹூஆம்ஐ என்று கட்டளை அடித்தால் கிளஸ்டர் நம்மை யாராகப் பார்க்கிறது என்று காட்டும். இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது ஆள் போனால் கீகிளோக்கில் கணக்கை முடக்குகிறேன். ஏபிஐ சர்வர் ஒவ்வொரு தடவையும் கீகிளோக்கைக் கேட்பதில்லை, டோக்கனின் கையெழுத்தையும் ஆயுளையும் மட்டும் பார்க்கும். அதனால் கையிலிருக்கும் டோக்கன் முடியும்வரை உள்ளே வரலாம். எங்களிடம் அது ஐந்து நிமிஷம். நமக்காக டோக்கன் வாங்கும் கியூப்லாகின் கருவி புது டோக்கன் கேட்டுப் போனால் கீகிளோக் கையை விரித்துவிடும். எஸ்எஸ்எச் வழியாக தூர மெஷினில் வேலை செய்பவர்களுக்கு பிரவுசர் திறக்காதது ஒரு தொல்லை, வேறொரு பிரவுசரில் கோடு போட்டு நுழையும் டிவைஸ் கோடு முறைக்கு மாற்றியதும் தீர்ந்தது.

சர்ட்டிபிகேட்டை அடியோடு விட்டுவிடவில்லை. கீகிளோக்கே படுத்துவிட்டால் என்று சூப்பர்-அட்மின்.கான்ஃப் ஒரு பென்டிரைவில், பீரோவில், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் ஒரு வருஷம்தான் ஆயுள். நாள் மறக்காமலிருக்க, மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐயே புதுப்பிக்கும் நாளாக வைத்துக்கொண்டேன். தண்ணீர் வந்த வருஷமும் வராத வருஷமும் அன்றைக்கு அந்த பென்டிரைவ் வெளியே வரும்.