ஊட்டி மாரியம்மன் தேருக்கு சாமான் வாங்கணும்னா இந்த கடைக்கு போங்க

ஊட்டி மார்க்கெட் பக்கம் மாரியம்மன் கோவிலுக்கு போற வழியில ஒரு சின்ன பூஜை சாமான் கடை, போர்டு கூட இல்ல, பூ கட்டுறவங்ககிட்ட கேட்டா கை காட்டுவாங்க. ஏப்ரல்ல தேர் திருவிழா வந்தா எங்க வீட்டுக்கு எல்லாமே இங்கதான்.

முக்கியமா வேப்பிலை. நம்ம ஊர் பனிக்கு வேப்பமரம் வராதுங்க, மேட்டுப்பாளையம் பக்கம் இருந்து வண்டியில ஏத்திட்டு வரணும், நிறைய இடத்துல நேத்து வந்து வாடிப்போனத தண்ணி தெளிச்சு குடுத்துடுவாங்க, இங்க கொழுந்தோட பச்சையா இருக்கும். அம்மை போட்ட வீட்டு வாசல்ல சொருகுற இலை, மாரியம்மா உடம்போட சூட்ட தணிக்கிற இலை, அத வாடிப்போய் எப்படி கொண்டு போய் வைக்கிறது?

கடைக்கார அக்கா சாமான எடுக்குறதுக்கு முன்னாடி "யாருக்கும்மா வேண்டுதல், என்னன்னு சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. கண்ணுல பிரச்சனைன்னா கண்மலர், அதாவது அம்மனுக்கு சாத்துற கண் வடிவ தகடு, கை கால் வலின்னா அந்தந்த உரு, தகரமா வெள்ளியான்னு நம்ம வசதிதான், தகரம் கேட்டா முகம் சுளிக்க மாட்டாங்க. பெரியம்மை இருந்த காலத்துல உயிர் பொழைச்சவங்க பல பேருக்கு பார்வை போயிருக்கு, 1980ல உலகத்துலயே அந்த நோய் ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்சாச்சு, ஆனா அம்மாவுக்கு கண்மலர் சாத்துறது நிக்கல, நிக்கவும் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

தேர் மேல போடுற உப்புக்கு இங்க கல்லுப்புதான், கூடவே மிளகும் சேர்த்து பேப்பர்ல மடிச்சு தருவாங்க. தண்ணியில உப்பு கரையுற மாதிரி கஷ்டம் கரையணும்னுதான போடுறோம், அது தெரிஞ்சு குடுக்குற கடை. பிளாஸ்டிக் கவர் தர மாட்டாங்க, பை கொண்டு போங்க.

மாவிளக்கு மாவ பத்தி தனியா சொல்லணும். போன தடவை அவசரத்துக்கு வேற ஒரு பெரிய கடையில பாக்கெட் மாவு வாங்கினோம், அது இடியாப்பத்துக்கு வறுத்த மாவு, வெல்லம் போட்டு எவ்ளோ பிசைஞ்சும் சேரவே இல்ல, நடுவுல குழி பண்ணி நெய் ஊத்தினா விரிஞ்சு ஒழுகுது. இங்க பச்சரிசிய ஊறவச்சு நிழல்ல ஆறவிட்டு அன்னிக்கே அரைச்ச மாவு, கையில பிடிச்சா லேசா ஈரம் தெரியும், வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தா உருண்டையா நிக்கும், திரி கடைசி வரைக்கும் எரியும். மாவிளக்குக்கு பச்சை மாவுதான், வறுத்தது ஆகாது. முந்தின நாளே சொல்லி வச்சாதான் கிடைக்கும்.

குறைன்னா, இடம் ரொம்ப சின்னது, ரெண்டு பேர் நின்னாலே வழி அடைச்சிடும், ஜிபே பல நேரம் சிக்னல் இல்லாம சுத்திட்டே இருக்கும், அதனால சில்லறை எடுத்துட்டு போங்க. அபிஷேகத்துக்கு மஞ்சள் தூள் கொஞ்சம் சுமார்தான், நாங்க ஈரோட்டு விரலி மஞ்சள் வாங்கி வீட்லயே இடிச்சுக்கிறோம்.

தேர் ஓடுற செவ்வாய்க்கிழமை மட்டும் அங்க போய் நிக்காதீங்க, கூட்டத்துல அக்காவுக்கு பேசவே நேரம் இருக்காது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு சமூகத்தோட உபயமும் நடக்குற நாள்ல ஒரு காலைல போய் பொறுமையா கேட்டு வாங்குங்க.